பாஸ்ட் சார்ஜர் வாங்கப் போகும் தம்பிமாருக்கு

(பதுளைப் பகுதித் தோட்டமொன்றில் இளைஞர் கூட்டத்தில் நிகழ்த்திய பேச்சின் எழுத்து வடிவம்)



கொழுந்து நிறுத்துப் போட்டுவிட்டு, வீட்டில் உலைகூட வைக்காமல் நேரே இங்கே வந்து உட்கார்ந்திருக்கும் அக்காமாருக்கு முதலில் நன்றி சொல்கிறோம். "சார்ஜரைப் பத்திப் பேச என்னா இருக்கு, அதெல்லாம் பையன்மார் சமாச்சாரம்" என்று வாசலில் ஒரு பெரியம்மா சொன்னது எங்கள் காதிலும் விழுந்தது. கடைசி வரைக்கும் இருந்து கேளுங்கள் பெரியம்மா. சார்ஜர் பையனுடையதாக இருக்கலாம். அது கொழுவியிருக்கிற லயம் பத்துக் குடும்பத்துடையது.

பழைய கதை ஒன்றிலிருந்து தொடங்குகிறோம். 1982இல் ரூபவாஹினி வந்தது. நம்முடைய லயங்களில் அப்போது அநேகமாகக் கரண்ட் கிடையாது. ஆனாலும் டீவி வந்துவிட்டது, கார் பெட்டரியில். ஞாயிற்றுக்கிழமை காலையில் சாக்கை நாலாக மடித்துத் தோளில் போட்டு, அதற்கு மேல் பெட்டரியை ஏற்றி, பசறை டவுனுக்கோ பதுளை டவுனுக்கோ தூக்கிக்கொண்டு போனவர்கள் இந்தக் கூட்டத்திலேயே நாலைந்து பேர் இருப்பீர்கள். ஆசிட் பட்டு ஓட்டை விழுந்த சட்டையை வைத்தே அந்தக் காலத்தில் டீவி உள்ள வீட்டுக்காரரைக் கண்டுபிடித்துவிடலாம்.

1996 மார்ச் 17, ஞாயிற்றுக்கிழமை. லாகூரில் உலகக் கிண்ண இறுதி ஆட்டம். அன்றைக்குக் காலையில் டவுனில் சார்ஜ் பண்ணும் கடையில் பெட்டரிகள் வரிசையாக நின்றன. எங்களுடையது பின்னால். "ஆட்டம் தொடங்குறதுக்குள்ள தரணும் முதலாளி" என்று கெஞ்சினோம். அவரும் பாவம், கரண்டைக் கூட்டி வைத்து இரண்டு மணித்தியாலத்தில் கழற்றிக் கொடுத்தார். மீட்டரில் பார்த்தால் பெட்டரி 'புல்'. சந்தோஷமாகத் தூக்கிக்கொண்டு வந்தோம். அவுஸ்திரேலியா அடித்து முடித்தது, நம்முடைய ஆட்கள் இறங்கினார்கள், அரவிந்த அடிக்கத் தொடங்கினார், திரையில் படம் நாலு பக்கமும் சுருங்கத் தொடங்கியது. கடைசியில் தீப்பெட்டி அளவுக்கு வந்து அணைந்தது. அரவிந்த அடித்த 107ஐயும், நாம் ஏழு விக்கெட்டில் ஜெயித்ததையும் எங்கள் லயம் ரேடியோவில்தான் கேட்டது. அந்தக் கோபம் எங்களுக்கு இன்னும் ஆறவில்லை.

அன்றைக்கு நடந்தது என்ன? கார் பெட்டரிக்குள் ஈயத் தகடுகள் இருக்கின்றன. அவசரமாகக் கரண்டைத் திணித்தால் தகட்டின் மேல்பக்கம் மட்டும் சார்ஜ் ஆகும், உள்ளே ஏறாது. மீட்டர் மேல்பக்கத்தைப் பார்த்து 'நிறைந்தது' என்று சொல்லும். அந்த ஜாதிப் பெட்டரிக்கு அதன் அளவில் பத்தில் ஒரு பங்கு கரண்ட் கொடுத்து, இராத்திரி முழுக்க ஆற அமர ஏற்ற வேண்டும். இன்றைக்கும் மருந்து அடிக்கிற பெட்டரி டேங்குகளில் பலவற்றில் அதே ஈயப் பெட்டரிதான் உள்ளது. அதற்கு 'பாஸ்ட் சார்ஜர்' தேடுகிற தம்பிமார் இருந்தால், இத்தோடு விட்டுவிடுங்கள். டேங்கோடு வந்த சார்ஜர்தான் அதற்கு.

இப்போது லயங்களுக்குக் கரண்ட் வந்துவிட்டது. கார் பெட்டரி போய்விட்டது. ஆனால் பெட்டரி வேறு வேஷத்தில் திரும்பி வந்திருக்கிறது. கொழும்பில் சீலிங் வேலை, அலுமினிய வேலை பழகிய தம்பிமார் தோட்டத்துக்குத் திரும்பும்போது தோளில் ஒரு பை, பையில் வயர் இல்லாத ட்ரில் மெஷின். தோட்டங்களில் புதுவீடு கட்டுகிறார்கள், கதவு மாட்ட வேண்டும், கூரைத் தகட்டுக்கு ஆணி முறுக்க வேண்டும். மெஷின் வைத்திருக்கிறவனுக்குக் கொந்தரப்பு கிடைக்கிறது. அதனால் மற்றத் தம்பிமாரும் வாங்கத் தொடங்கிவிட்டார்கள். அம்மா பேர் போட்டுச் சேர்த்த காசு, அக்கா சீட்டுக் கட்டிய காசு, நகையை அடகு வைத்த காசு எல்லாம் இதற்குள் போகிறது. அதனால்தான் இதைப் பேச வந்தோம்.

மெஷினை வாங்கும்போது எல்லோரும் மெஷினைப் பார்க்கிறார்கள். சார்ஜரைப் பார்க்கிறவர் குறைவு. கடைக்காரர், "மல்லி, இது பாஸ்ட்" என்கிறார். பெட்டியிலும் பெரிய எழுத்தில் அப்படித்தான் போட்டிருக்கிறது. பாஸ்ட் என்ற சொல்லுக்கு எந்த அளவும் கிடையாது, அதை யாரும் எதற்கு மேலும் ஒட்டலாம். நீங்கள் சார்ஜரைத் திருப்பிப் போட்டு அடியில் ஒட்டியிருக்கும் லேபிளைப் படியுங்கள். 'அவுட்புட்' என்ற இடத்தில் எத்தனை வோல்ட், எத்தனை அம்பியர் என்று இருக்கும். அந்த அம்பியர்தான் வேகம்.

கணக்கு சின்னப் பிள்ளையும் போடலாம். பெட்டரியில் 4 அம்பியர்-அவர் என்று போட்டிருக்கிறது, சார்ஜரில் 1.3 அம்பியர் என்று இருக்கிறது. நாலை 1.3ஆல் பிரித்தால் மூன்று மணித்தியாலம். அதோடு ஐந்தில் ஒரு பங்கு கூட்டுங்கள், மூன்றரை மணித்தியாலத்துக்கு மேல் போகும். ஹாலிஎலப் பக்கம் ஒரு தம்பி 'சுப்பர் பாஸ்ட்' என்று வாங்கி வந்த சார்ஜரைத் திருப்பிப் பார்த்தோம், ஒரே ஒரு அம்பியர். பெட்டரி ஏறி முடிக்க அரை நாள். இதற்கு மாறாக, மக்கீட்டா கம்பெனியின் டீசி18ஆர்சி என்ற வேகச் சார்ஜர் 9 அம்பியர் கொடுக்கிறது. 3 அம்பியர்-அவர் பெட்டரியை 22 நிமிஷத்திலும், 5 அம்பியர்-அவர் பெட்டரியை 45 நிமிஷத்திலும் ஏற்றும். அதே கம்பெனியின் சாதாரண டீசி18எஸ்டி சார்ஜருக்கு அதே பெட்டரிகள் 60 நிமிஷமும் 110 நிமிஷமும் எடுக்கும். அந்தக் கம்பெனிக்கு விளம்பரம் செய்ய நாங்கள் வரவில்லை. வித்தியாசம் எவ்வளவு என்று காட்டத்தான் சொன்னோம்.

கார் பெட்டரிக்கு அவசரம் ஆகாது என்றோமே, இதற்கு மட்டும் எப்படி ஆகும் என்று ஒரு தம்பி முகத்தைச் சுளிக்கிறார். நல்ல கேள்வி. இது வேறு ஜாதிப் பெட்டரி. வயரில்லாத ட்ரில் 1961இலேயே அமெரிக்காவில் வந்துவிட்டது, அப்போது உள்ளே இருந்தது நிக்கல்-கட்மியம். லித்தியம் பெட்டரி 1991இல் சோனி கம்பெனி மூலம் கடைக்கு வந்தது, 2005 அளவில் வேலை மெஷின்களுக்குள்ளும் நுழைந்தது. லித்தியம் வேகமாக வாங்கிக்கொள்ளும், ஆனால் அதற்கு ஒரு முறை இருக்கிறது. பீலியில் குடம் பிடிப்பதை நினைத்துப் பாருங்கள். முதலில் தண்ணீர் முழு வேகத்தில் விழலாம். கழுத்துக்கு வந்த பிறகு குடத்தைக் கொஞ்சம் விலக்கிப் பிடிக்க வேண்டும், இல்லையென்றால் பாதித் தண்ணீர் வெளியில். நல்ல சார்ஜர் இதைத்தான் செய்கிறது. முக்கால்வாசிக்கு மேல் வரை வேகமாக ஏற்றி, பிறகு தானாகவே கரண்டைக் குறைத்துக்கொண்டு வரும். பெட்டரிக்குள் சூடு எவ்வளவு என்று கேட்டுக்கொள்ளும், சூடு கூடினால் காத்தாடியைச் சுழற்றும், அல்லது ஆறும் வரை காத்திருக்கும். பெட்டரியும் சார்ஜரும் ஒன்றோடொன்று பேசிக்கொள்கின்றன என்றே வைத்துக்கொள்ளுங்கள். மெல்லிய வயரில் ஒரு முள்ளோடு வருகிற மலிவுச் சார்ஜருக்கு இந்தப் பேச்சு வார்த்தை ஒன்றும் தெரியாது.

இங்கேதான் எங்களுக்கு அதிகப் பயம். கடைகளில் தொங்குகிற மலிவு மெஷின்களில் 21, 48, 88 என்று ஆளுக்கொரு வோல்ட் எழுதியிருக்கிறார்கள். அநேகமானவற்றின் உள்ளே இருப்பது தொடராகக் கோர்த்த ஐந்து செல். ஒரு செல் சாதாரணமாக 3.6 வோல்ட், அப்படிப் பார்த்தால் 18. முழுதாக ஏறியவுடன் 4.2, அப்படிப் பார்த்தால் 21. இடையில் 4 என்று வைத்தால் 20. ஆக 18, 20, 21 மூன்றும் ஒரே பெட்டரியின் மூன்று பேர். 88 என்பது கண்ணைக் கட்டுகிற வேலை. இது காசு நஷ்டத்தோடு போய்விடும். ஆபத்து வேறு இடத்தில். சின்ன ட்ரில்லுக்கு மூன்று செல் பெட்டரி, அதன் சார்ஜர் 12.6 வோல்ட். பெரியதற்கு 21 வோல்ட். இரண்டு சார்ஜரும் கறுப்பு, இரண்டின் முள்ளும் ஒரே அளவு. வீட்டில் மருந்து டேங்கின் சார்ஜரும் ஒன்று கிடக்கும், அதுவும் கறுப்புத்தான். அண்ணன் இல்லாத நேரம் தம்பி 21ஐ எடுத்து மூன்று செல் பெட்டரியில் குத்தினால், உள்ளே இருக்கிற காப்பு வேலை செய்யவில்லை என்றால் பெட்டரி வீங்கும், புகையும், தீப்பிடிக்கும். இதற்கு ஒரு செலவும் இல்லாத வழி உண்டு: சார்ஜர் வயரிலும் அதற்கு உரிய பெட்டரியிலும் ஒரே நிற நூலைக் கட்டுங்கள். சிவப்புக்குச் சிவப்பு, மஞ்சளுக்கு மஞ்சள். எழுத்துக் கூட்டிப் படிக்க முடியாத பாட்டியும் "அது வேணாம்டா" என்று சொல்லலாம்.

அடுத்தது, ஜப்பானிலிருந்து வரும் பாவித்த சாமான்கள். மெஷின் நல்லதாகவே இருக்கும். ஆனால் ஜப்பான் வீட்டுக் கரண்ட் 100 வோல்ட், நம்முடையது 230. லேபிளில் 'இன்புட்' என்ற இடத்தில் 100 என்று மட்டும் இருந்தால், அதை நம் வீட்டில் கொழுவிய நிமிஷமே டப்பென்று முடிந்துவிடும். 100 முதல் 240 வரை என்றோ, 220 முதல் 240 என்றோ இருந்தால் பயமில்லை. பிளக் விஷயமும் அப்படித்தான். உருண்டை முள் இரண்டு உள்ள பிளக்கை, மேல் துளையில் பேனாவைக் குத்தித் திறந்து, சதுர முள் பிளக் பொயின்ட்டில் திணிக்கிற பழக்கம் நம்மில் எந்த லயத்தில் இல்லை? அது இறுக்கமாக நிற்காது. போன் சார்ஜருக்கு எப்படியோ ஓடுகிறது. வேகச் சார்ஜர் சுமார் 200 வாட் இழுக்கும், ஆடுகிற பிளக் சூடேறிக் கருகும். பொருத்தமான பிளக்கைப் போடுங்கள்.

200 வாட் என்றதும் கரண்ட் பில் ஞாபகம் வந்துவிட்டது போலிருக்கிறது, அம்மாமார் முகம் மாறுகிறது. பயப்பட வேண்டாம். துணி மினுக்குகிற அயன் பொக்ஸ் ஆயிரம் வாட். பெரிய 5 அம்பியர்-அவர் பெட்டரி ஒன்றை முழுதாக ஏற்ற, வீணாகிறதையும் சேர்த்து, ஒரு யூனிட்டில் ஒன்பதில் ஒரு பங்குதான் போகும். ஒன்பது தடவை ஏற்றினால் ஒரு யூனிட். வேகமாக ஏற்றினாலும் மெதுவாக ஏற்றினாலும் யூனிட் கிட்டத்தட்ட ஒன்றுதான்.

சரி, யாருக்குத்தான் பாஸ்ட் சார்ஜர் வேண்டும்? இதில் எங்கள் அபிப்பிராயத்தைப் பச்சையாகச் சொல்லிவிடுகிறோம்: முக்கால்வாசிப் பேருக்கு வேண்டாம். உங்கள் வேலையில் ஒரு பெட்டரி எவ்வளவு நேரம் ஓடுகிறது என்று முதலில் பாருங்கள். கதவு, பிணைச்சல், ஸ்குரூ முறுக்குகிற வேலை என்றால் காலையில் போட்ட பெட்டரி பகல் சாப்பாடு வரை போகும். அதற்குள் மற்றது சாதாரண சார்ஜரிலேயே ஏறிவிடும். அவருக்கு இரண்டு பெட்டரியும் ஒரு சாதாரண சார்ஜரும் போதும். ஒரு மணித்தியாலத்தில் பெட்டரியைக் காலி பண்ணுகிற வேலை, கொங்கிரீட்டில் துளை போடுகிறது, சீலிங் சட்டம் அடிக்கிறது என்றால், 110 நிமிஷச் சார்ஜரில் இரண்டு பெட்டரி போதாது, 45 நிமிஷச் சார்ஜரில் இரண்டு போதும். அங்கே கடைக்குப் போய் கூடுதலாக வேண்டிய பெட்டரிகளின் விலையையும் வேகச் சார்ஜரின் விலையையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எது குறைவோ அது. கிரைண்டரில் இரும்பு வெட்டுகிறவருக்கு எந்தச் சார்ஜரும் ஈடுகொடுக்காது, அவ்வளவு வேகமாகக் குடிக்கும். கரண்ட் உள்ள இடம் என்றால் அவர் வயர் உள்ள கிரைண்டரை வாங்குவதே புத்தி.

கரண்ட் போகிற நாளும் இருக்கிறது. 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் மின்வெட்டு இருந்ததை மறக்க முடியாது. 2025 பெப்ரவரி 9ஆந் திகதி பாணந்துறையில் ஒரு குரங்கு உப மின்நிலையத்துக்குள் ஏறி நாடு முழுவதையும் இருட்டாக்கியது என்று மந்திரியே சொன்னார். கரண்ட் விட்டு விட்டு வருகிற காலத்தில் வேகச் சார்ஜருக்கு மதிப்புக் கூடுகிறது என்பதையும் ஒத்துக்கொள்கிறோம். கிடைக்கிற ஒரு மணித்தியாலத்தில் ஒரு பெட்டரியாவது நிறையும். ஆனால் கரண்ட் போனவுடன் பிளக்கைக் கழற்றிவிடுங்கள். திரும்பி வரும்போது முதல் அடி பலமாக வரலாம். ஒக்டோபர், நவம்பர் இடி மழைக்கும் இதே பேச்சுத்தான்.

இனி பெரியம்மாவுக்குச் சொல்ல வேண்டியது. நம்முடைய லயம் எப்படிக் கட்டப்பட்டது? ஒரே கூரை, காம்பராவுக்குக் காம்பரா ஒரு சுவர், பல இடங்களில் அந்தச் சுவர் கூரை மட்டும் போவதில்லை. மேலே விறகு அடுக்கிய பரண். ஒரு காம்பராவில் பிடித்த தீ, பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடுவதற்குள் மறுகோடிக்குப் போய்விடும். தோட்டங்களில் எத்தனை லயம் இப்படி எரிந்தது என்று உங்களுக்கு நாங்கள் சொல்லத் தேவையில்லை. அதனால் சார்ஜ் பண்ணுகிற இடமும் நேரமும்தான், சார்ஜரின் பெயரை விட, எங்களுக்குப் பெரிய விஷயம். எல்லோரும் தூங்கிய பிறகு சார்ஜ் போடாதீர்கள். இந்த ஒன்றுக்கு வேகச் சார்ஜர் உதவும் என்பது உண்மை. வேலை முடிந்து வந்து, கைகால் கழுவி, சாப்பிட்டு முடிப்பதற்குள் ஏறிவிடும், இராத்திரிக்கு விட வேண்டியதில்லை. மெத்தை மேல், சாக்கின் மேல், துணிக் குவியலின் மேல் வைக்காதீர்கள். மண்ணெண்ணெய்ப் போத்தல், காஸ் சிலிண்டர் பக்கத்திலும் வேண்டாம். வெறும் சிமெந்துத் தரையில் வையுங்கள், அல்லது ஒரு தட்டைக் கல்லின் மேல். ஒரு மீட்டரில் இருந்து மூன்று காம்பராவுக்கு மெல்லிய வயர் இழுத்திருக்கிற இடங்களை எங்களுக்குத் தெரியும். அந்த வயரின் நுனியில் அயன் பொக்ஸும் சார்ஜரும் ஒன்றாக வேண்டாம்.

வேலையிலிருந்து வந்தவுடன் பெட்டரி சூடாக இருக்கும். அப்படியே சார்ஜரில் சொருகாமல் அரை மணித்தியாலம் ஆறவிடுங்கள். தண்ணீரில் நனைத்து ஆற்றிய ஒரு புத்திசாலியும் நமக்குத் தெரிந்தவர்தான். ஹப்புத்தளை, ஓஹிய பக்கத்துத் தம்பிமாருக்கு எதிர்க் கஷ்டம். மார்கழி, தைப் பனியில் விடியற்காலை பெட்டரி விறைத்துப் போயிருக்கும். 10 பாகைக்குக் கீழே சார்ஜ் போடக்கூடாது என்று பல கம்பெனிகள் புத்தகத்திலேயே எழுதியிருக்கின்றன. அதற்காக அடுப்போரம் வைக்க வேண்டாம், வீட்டுக்குள் கொஞ்ச நேரம் இருந்தாலே போதும்.

மூத்தவர்கள் சொல்லித்தந்த ஒரு பாடம், "பெட்டரிய முழுசா எறக்கிட்டுத்தான் சார்ஜ் போடணும்" என்பது. பழைய நிக்கல் பெட்டரிக்கு அது சரி. லித்தியத்துக்கு அது கெடுதி. மெஷின் பலம் குறைந்தவுடன் கழற்றிப் போடுங்கள். கொந்தரப்பு இல்லாத மாதங்களில் பாதி ஏற்றி எடுத்து வையுங்கள். காலியாகவே பெட்டிக்குள் போட்டு, தீபாவளிக்குப் பிறகு எடுத்தால் சார்ஜர் அதைச் சேர்க்காது, சிவப்பும் பச்சையுமாக மின்னும். ஈயப் பெட்டரிக்கு நேர்மாறு, அது எப்போதும் நிறைந்தே இருக்க வேண்டும். ஒரே வீட்டில் இரண்டு ஜாதியும் இருப்பதால்தான் குழப்பம்.

விழுந்து வெடித்தது, வீங்கியது, இனிப்பு வாடை அடிக்கிறது என்றால் அந்தப் பெட்டரி முடிந்தது. பிரித்து உள்ளே செல் மாற்றிப் பார்க்க வேண்டாம். அடுப்பிலும் போட வேண்டாம், மலையில் எறியவும் வேண்டாம். வீட்டுக்கு வெளியே மண்ணில் தனியாக வைத்து, டவுனில் வாங்கிய கடைக்கே கொண்டு போய்க் கேளுங்கள். சார்ஜில் இருக்கும்போது புகைந்தால் முதலில் மெயின் சுவிட்சை இறக்குங்கள், லயத்தை எழுப்புங்கள், பிள்ளைகளையும் வயதானவர்களையும் வெளியே எடுங்கள். கையால் தூக்கப் போகாதீர்கள், அந்தப் புகை நெஞ்சுக்கு ஆகாது. கரண்ட் நின்ற பிறகு, எட்ட நின்று நிறையத் தண்ணீர் ஊற்றலாம்.

நேரம் ஆகிவிட்டது, பஸ்ஸும் போய்விடும். சார்ஜர் கொண்டு வந்திருக்கிற தம்பிமார் அதை இந்த மேசையில் கவிழ்த்து வையுங்கள். ஒவ்வொன்றாக லேபிளைப் படித்துப் பார்ப்போம். அந்தப் பெரியம்மா நூல்கண்டு கொண்டு வரப் போயிருக்கிறார்.